ஒரு சைசு கூட

என் மருமகளின் அண்ணன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய செருப்புச் சத்தம் வந்தது. கால் ஓர் அளவு, செருப்பு அதைவிட ஒரு விரல் நீளம். எட்டு வைக்கும்போதெல்லாம் அது தரையில் ஒரு தடவையும் குதிகாலில் ஒரு தடவையும் அடித்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார்கள், நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"செருப்ப யாருகூடயாச்சும் மாத்திப் போட்டுட்டு வந்துட்டீகளா தம்பி?"

"இல்லத்தே, என்னோடதுதான். ஒரு சைசு கூட எடுத்தேன். வெயில்ல நடந்து காலு வீங்கிருச்சுன்னா என்ன செய்யிறது?"

அன்றைக்குத்தான் என்னைப் பார்க்கிறார். பெண் தருவதா வேண்டாமா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. அதற்குள் என்னை அத்தை ஆக்கிவிட்டார். உறவிலும் ஒரு சைசு கூடத்தான் எடுத்தார். கால் மட்டும் இன்றுவரை வீங்கவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அந்த எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக அச்சடிக்கக் கூடாதா என்று கேட்பார். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஐம்பது பேருக்குச் சோறாக்கப் பாத்திரம் கேட்டால் இருநூறு பேருக்கான அண்டாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார். எங்கள் தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்கு அப்படித்தான் அனுப்பினார். சோறு அண்டாவின் அடியில் எங்கோ கிடந்தது, கரண்டி எட்டவில்லை. சமையல்காரர் கரண்டிக் காம்போடு ஒரு கம்பைச் சேர்த்துக் கட்டி, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி எட்டிப் பார்த்துக் கிண்டினார். அடிச்சோறு தீய்ந்துவிட்டது. அண்டாக்காரர் வந்தார், குனிந்து மோந்து பார்த்தார், "வாசம் தூக்கலா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தன் வீட்டுக்கு இரும்புக் கேட் போட்டார். வெளிப்பக்கம் திறக்கிற கேட். அதன் கதவு தெருவின் அகலத்தைவிட நீளம். பாதி திறந்ததும் எதிர்வீட்டுச் சுவரில் போய் இடித்து நின்றுவிடும். அந்த இடுக்கில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நாங்கள் நுழைந்து போனால், உள்ளே சிரித்துக்கொண்டு நிற்பார்.

"கேட்டு எப்படித்தே?"

"நல்லாத்தான் இருக்கு மருமகனே. திறந்துச்சுன்னா இன்னும் நல்லா இருக்கும்."

"எதுத்த வீட்டுக்காரன் கொஞ்சம் தள்ளி வீடு கட்டியிருக்கலாம்த்தே. அவனுக்கு யோசனை பத்தல."

எதிர்வீடு அவர் தாத்தா காலத்தில் கட்டியது.

என் பேரன் பிறந்தபோது தாய்மாமன் சீராகச் சட்டை கொண்டுவந்தார். பிறந்து முப்பது நாளான பிள்ளைக்கு மூன்று வயசுச் சட்டை. கழுத்து வழியாகப் போட்டால் பிள்ளை கை வழியாக வெளியே வந்துவிடும். "வளர்ற பிள்ளதானத்தே" என்றார். பிள்ளை வளர்ந்து அந்தச் சட்டைக்கு வந்து சேர்வதற்குள் பெட்டியில் கிடந்த சட்டை சாயம் போய்விட்டது.

அவர் ஏன் இப்படி என்று நான் யோசித்திருக்கிறேன். என் மகன் கல்யாணத்தில் பெண்வீட்டுச் சீராக ஒரு பீரோ வந்தது. நல்ல பீரோதான், கொஞ்சம் குட்டை. என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், பந்தியில் உட்கார்ந்துகொண்டு நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்: "இது பீரோவா, இல்ல சாமி படம் வக்கிற அலமாரியா?" அப்போது அவருக்குப் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றவர் பெண்ணின் அண்ணன். அவர் நாத்தனார் இலையில் மட்டும் சாம்பாரை நிறுத்தாமல் ஊற்றினார், அது இலையைத் தாண்டி மேசை விரிப்பில் ஓடி நாத்தனார் மடியில் இறங்கியது. பழக்கம் அவரிடம் முன்பே இருந்ததுதான். அன்றைக்கு அது வியாதியாகிவிட்டது.

இப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்கினார். மதுரையில் யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற பெரிய வண்டி, ஜீப்பு மாதிரி உயரமானது, கறுப்பு நிறம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. வண்டியோடு வந்த டயர் வண்டிக்குச் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் டயர் வாங்கிய நாளில் நானும் கூட இருந்தேன். சாட்சியாக என்று சொல்ல முடியாது. அருப்புக்கோட்டையில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, வாய் நிறையப் பஞ்சு வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மகன் போன் போட்டு, "மச்சான், அம்மாவக் கொண்டாந்து விட்டுருங்க" என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கேட்ட உதவிக்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னவரில்லை, அதையும் சொல்ல வேண்டும். வருகிற வழியில், "அஞ்சே நிமிசம்த்தே" என்று ஒரு டயர் கடையில் நிறுத்தினார்.

கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இந்த வண்டிக்கு ஒரு சைசு கூட ஏத்தலாம். தொந்தரவு இருக்காது. நீங்க சொல்றது மூணு சைசு கூட. அதப் போடணும்னா வண்டியோட உடம்பத் தூக்கணும். ஸ்பிரிங்கெல்லாம் மாத்தி வக்கிறதுக்கு லிஃப்ட் கிட்டுன்னு வருது."

"தூக்கவெல்லாம் வேணாம். தூக்குனா வண்டி வளைவுல சாயும்ங்காய்ங்க. டயர மட்டும் போடுங்க."

"தூக்காமப் போட்டா ஸ்டீரிங்க முழுசா ஒடிக்கிறப்ப டயரு மட்கார்டுல உரசும்ணே."

"முழுசா எதுக்கு ஒடிக்கணும்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். வண்டி என்றால் திருப்பத்தில் ஒடிக்கத்தானே வேண்டும், நேராகவே போய்க்கொண்டிருந்தால் வீடு எப்படி வரும் என்று கேட்க நாக்கு துடித்தது. ஒரு "ம்ம்" மட்டும்தான் வந்தது.

"பாத்தீகளா, அத்தையே சரிங்கிறாக" என்றார் மருமகன்.

செருப்புக்குப் போதுமாக இருந்த ஒரு சைசு டயரில் அவருக்குப் போதவில்லை. ஒரு சைசு ஆபத்தில்லை என்று கடைக்காரர் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்திரமான பொருளில் அவருக்கு என்ன பெருமை இருக்கிறது?

நாலு டயரும் ஏறின. ஒவ்வொன்றும் ஆட்டுரல் மாதிரி, மேலே கட்டிகட்டியாக ரப்பர். மட்கார்டுக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக்கைக் கத்தியால் அறுத்து எடுத்தார்கள், ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மடக்கினார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் விரல் நுழையும், வளையல் போட்ட கை நுழையாது. அப்புறம் பரீட்சை. அவர் மட்டும் ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பாதி ஒடித்து, மெள்ள ஒரு வட்டம் வந்தார்.

"எங்க உரசுது? உரசலையே!"

"நீங்க ஒராளுதானண்ணே இருக்கீக. ஆளு ஏறி லோடு விழுந்தா வண்டி கீழ எறங்கும். அப்பத் தெரியும்."

"ஆளு ஏறுனா நான் பாத்துக்கிறேன்."

"ஸ்டெப்னி பழைய டயரு. பஞ்சர் ஆனா ஒரு காலு குட்டையாப் போயிரும்."

"ஸ்டெப்னிய எவன் பாக்கப் போறான்?"

புறப்படும்போது என்னிடம் மட்டும், மெதுவாகச் சொன்னார்: "பையனுக்குக் காது குத்துறப்போ உங்க குலசாமி கோயிலுக்குக் கரிசக்காட்டுக்குள்ள வரணும்ல அத்தே? மழ கிழ பேஞ்சு எல்லாரு வண்டியும் ரோட்டுல நிக்கும். நம்ம வண்டி மட்டும் சீரோட கோயில் வாசல்ல வந்து நிக்கும். அதுக்குத்தான்."

சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பீரோ இன்னும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

டயர் மாற்றியபிறகு அவர் வருவதை ஊருக்கு யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி கர்ர்ர் என்று தொண்டையைச் செருமும். "மச்சான் ஊரணியத் தாண்டிட்டாரு" என்று என் மகன் வீட்டுக்குள் இருந்தபடியே சொல்வான். எங்கள் தெரு முனையில் ஒரே ஒடியாக ஒடித்துத் திரும்ப முடியாமல், முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று ஆட்டி ஆட்டி நுழைப்பார். அதற்குள் இங்கே டீ போட்டு ஆறியிருக்கும். மீட்டர் அறுபது காட்டும், பக்கத்தில் போகிற பஸ் பின்னால் போய்க்கொண்டிருக்கும். "அறுபதுலதான் போறேன்த்தே, பயப்படாதீக" என்பார். டயர் பெரிதானதில் மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது, அதற்கே கணக்குத் தப்பிப்போச்சு என்று பின்னால் என் மகன் சொல்லித்தான் தெரியும்.

ஏறுவது இன்னொரு கூத்து. ஏற்கெனவே உயரமான வண்டி, இப்போது இன்னும் உயரம். என் முழங்கால் சம்மதிக்கவில்லை. அதற்காக வண்டிக்குள் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். எங்கே நிறுத்தினாலும் முதலில் அவர் குதித்து இறங்கி, ஓடிவந்து ஸ்டூலை வைத்து, கையைப் பிடித்து இறக்குவார். ஒருதடவை காரியாபட்டியில் ஸ்டூலை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டோம். திருச்சுழிக் கோயில் வாசலில், இறங்க வழியில்லாமல் நான் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு கோபுரத்தைக் கும்பிட்டேன். "உசரத்துல இருந்து தரிசனம் நல்லாத் தெரியுதுல்லத்தே?" என்று கேட்டார். கேட்கிற தைரியம் இருந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தல் வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். வண்டியும் இல்லை. போனதடவை பஸ்ஸில் வந்தார். "என்ன மருமகனே, பஸ்ஸுலயா?" என்று கேட்டேன். "பெரிய வண்டித்தே, அறுவது பேரு போகலாம்" என்றார். அந்த மனிதரிடம் ஜெயிக்க முடியாது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது காதுகுத்து அன்றைக்கு நடந்ததுதான்.

பேரனுக்கு முடி இறக்கியது முந்தின வருடமே முடிந்துவிட்டது. காது மட்டும் பாக்கி. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் குத்திவிட வேண்டும். குலசாமி கோயில் தார் ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே, சுற்றிலும் கரிசல் காடு. மரம் மறைப்பு ஒன்றும் கிடையாது. ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே போனாலும் கோயிலில் இருந்து தெரியும்.

வைகாசியில் யாரும் மழையை எதிர்பார்ப்பதில்லை. முந்தின நாள் சாயங்காலம் அடித்து ஊற்றிவிட்டது.

ஈரக் கரிசலைப் பற்றி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறங்கும்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்த மண் பிடித்தால் விடாது, ஒரு எட்டுக்கு ஒரு சுற்று என்று காலில் ஏறிக்கொண்டே போகும். அதனால் வந்தவர்கள் எல்லாரும் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். டிராக்டர் போய் அவர்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தது. டிராக்டருக்குச் சக்கரத்தின் மேல் எல்லாம் திறந்த வெளி, மண் ஏறினால் ஏறிய வேகத்தில் தெறித்துவிடும்.

என் மகன் மச்சானுக்குப் போன் போட்டான். போனைச் சத்தமாக வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"மச்சான், ரோட்டுலயே நிப்பாட்டிருங்க. டிராக்டர் அனுப்புறேன்."

"டிராக்டரா? ஏலே மாப்ளே, இந்த டயர வாங்குனதே இதுக்குத்தான்யா. நீ வாசல்ல நின்னு பாரு!"

நின்று பார்த்தோம். முதலில் வண்டி தெரியவில்லை, வண்டிக்கு மேலே கவிழ்த்துக் கட்டியிருந்த அண்டா வெயிலில் மின்னியது. உள்ளே பதினோரு பேர், சீர்த்தட்டுகள், பழக்கூடைகள், ஒரு கிடாய். வண்டி ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்கியது. நேராகத்தான் வந்தது. என் மருமகள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். பிறகு வண்டி கொஞ்சம் சுணங்கியது. ஏதோ அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சக்கரம் உருளாமல், பலகை இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போய், காட்டின் நட்டநடுவில் நின்றுவிட்டது.

டயர் கட்டிகளுக்கு நடுவில் மண் ஏறி, மட்கார்டுக்குள் போய், வெளியேற வழியில்லாமல் இறுகிவிட்டது. பதினோரு பேர் கனத்தில் வண்டியும் இறங்கி டயர்மேல் உட்கார்ந்துகொண்டது. கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி நாலு சக்கரமும் மண்ணுக்குள் இருந்தன.

"என்னாச்சு மச்சான்?"

"ஒன்னுமில்ல மாப்ளே. டயரு நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் சின்னதாப் போச்சு."

டிராக்டர் போனது. கயிறு கட்டி இழுக்கலாம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "கட்டி இழுத்துட்டு வந்தா உங்க அத்தை என்ன பேசுவாக? சும்மா இரு. மண்ணத் தோண்டிட்டா வண்டி பறந்துரும்" என்று, என் நாத்தனாரை மனதில் வைத்து, மகனிடம் சொல்லிவிட்டார். அவரோடு வந்த சொந்தக்காரர்கள் அப்படியில்லை. டிரெய்லரைப் பார்த்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் ஏறிவிட்டார்கள். சீர்த்தட்டு ஏறியது, பழக்கூடை ஏறியது, கிடாய் ஏறியது, சிவப்பு ஸ்டூல்கூட ஏறியது, கடைசியில் அண்டாவும் ஏறியது. எல்லாம் மேளத்தோடு கோயில் வாசலில் வந்து இறங்கின. மாமன் மட்டும் வரவில்லை.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பாடு எடுப்பார், ஏறி ஓட்டுவார், வண்டி நாலு முழம் வரும், மறுபடியும் நிற்கும். மறுபடியும் இறங்கிக் குத்துவார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மகன் திரும்பத் திரும்பப் போன் போட்டான். "வண்டிய விட்டுட்டு நடந்து வாங்க மச்சான், நேரமாகுது."

"மாமன் வெறுங்கையோட நடந்தா வருவான்? இந்தா வந்துட்டேன்யா, அஞ்சு நிமிசம்."

காது குத்த வந்திருந்த ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குப் பந்தல்குடியில இன்னொரு காது இருக்கு தாயி" என்றார் என்னிடம்.

என் நாத்தனாருக்கு இதைவிட ஒரு நல்ல நாள் வாய்த்திருக்காது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"சீரு வந்துருச்சு, மாமனக் காணோம். பேசாம அந்த அண்டாவுல பிள்ளைய ஒக்கார வச்சுக் குத்திருங்க."

நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மருமகளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்பு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொறந்தவன் இல்லாட்டி என்ன" என்று நாத்தனார் தொடர்ந்தார். "ஒன்னுவிட்ட மாமன் இந்தா இருக்காருல்ல. பஸ்ஸப் பிடிச்சு ஒழுங்கா நேரத்துக்கு வந்திருக்காரு. அவரு மடியில வச்சுக் குத்துங்க. நேரத்துக்கு வந்தவன்தான் மாமன்."

அந்த ஒன்றுவிட்ட மாமன் ஒல்லியான, நல்ல மனிதர். துண்டை உதறி மடியில் விரித்து, ஏற்கெனவே சம்மணம் போட்டுவிட்டார். ஆசாரி ஊசியை எடுத்தார்.

ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அது அந்தப் பிள்ளையோடு போகாது. கூடப்பிறந்தவன் இருந்தும் மாற்றான் மடியில் காது குத்திய வீடு என்று, என் மருமகள் கிழவியாகிறவரைக்கும் ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் மறந்தாலும் என் நாத்தனார் ஞாபகப்படுத்துவார். அங்கே காட்டுக்குள் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் வண்டியை விட்டு வரமுடியாமல் கிடந்தார். எதற்குப் பயந்தாரோ அதை அவரே நாலு முழம் நாலு முழமாக இழுத்து வந்துகொண்டிருந்தார்.

மருமகள் புடவையைத் தூக்கிச் செருகினாள். செருப்பைக் கழற்றினாள்.

"ஆசாரியாரே, ஊசிய எடுத்துக்கிட்டு வாங்க."

"எங்கடி போற?" என்றார் நாத்தனார்.

"மாமன் மடி இங்க வரமாட்டேங்குதுல்ல பெரியம்மா. நாங்க அங்க போறோம்."

"சாமி முன்னாடி குத்துறத விட்டுட்டு, கரிசக் காட்டுல வச்சா குத்துவாக? இது எந்த ஊரு வழக்கம்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் என் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதுவரைக்கும் என்னிடம் எதுவும் கேட்டவளில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். ஆசாரியும் ஊசியைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

நான் எழுந்தேன். "மதினி, நம்ம சாமிக்கு ரோடு வரைக்கும் எல்லை. எல்லைக்குள்ள எங்க குத்துனாலும் சாமி பாக்கும். அதுக்கு ஒன்னும் கண்ணு மங்கல" என்றேன். "வாங்க ஆசாரியாரே. பந்தல்குடிக் காது காத்துக்கிட்டு இருக்கும்."

நடந்தோம். மருமகள் முன்னால், ஆசாரி நடுவில், நான் கடைசியில் என் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு எட்டுக்கும் கால் கனத்துக்கொண்டே வந்தது. ஆசாரி வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார், அவருக்கு மண்ணைவிட மணிதான் கவலை.

மாமன் முதுகைக் காட்டிக்கொண்டு பின்சக்கரத்துக்குக் கீழே குனிந்திருந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, முழங்கை வரைக்கும் கறுப்பு மண்.

"அண்ணே" என்றாள் மருமகள்.

திரும்பிப் பார்த்தவர் குச்சியைக் கீழே போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தச் சக்கரம் ஒன்னுதான்த்தே பாக்கி" என்றார்.

"ஆமா, ரொம்ப நல்லாத் தோண்டியிருக்கீக. கெணறு எப்ப முடியும்?" என்றேன்.

"அண்ணே, ஒக்காரு. நேரமில்ல" என்றாள் அவள்.

அவசரமாக வண்டிக் கதவைத் திறந்து சீட்டின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வைத்தாள். ஆசாரி கையை நீட்டிப் பார்த்தார். அவர் குட்டையான மனிதர். பிள்ளையின் கால் கட்டைவிரல்தான் அவருக்கு எட்டியது.

"காது அங்கன ஆகாசத்துல இருக்கு" என்றார் ஆசாரி. "வண்டிய எவன்ய்யா இம்புட்டு ஒசரம் ஆக்குனது?"

ஆக்கியவர் பிள்ளையோடு இறங்கினார்.

ஒரு நிமிடம் அந்தச் சேற்றைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். என் மகன் தன் துண்டை எடுத்து விரிக்கப் போனான். அதற்குள் அவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பட்டு வேட்டியோடு ஈரக் கரிசலில் சம்மணம் போட்டார். அவர் உட்கார்ந்த கனத்தில் மண் இரண்டு பக்கமும் பிதுங்கியது. மடி என்று பார்த்தால் மடி இல்லை, எல்லாம் வயிறுதான். பிள்ளை சரிந்து சரிந்து விழுந்தான். கடைசியில் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாதீக" என்றார் ஆசாரி. "பிள்ளை ஆடல, மாமன்தான் ஆடுறீக."

"குத்துங்க ஆசாரியாரே" என்றார் அவர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

வலது காது முடிந்தது. பிள்ளை வீரிட்டான். கோயில் பக்கம் எல்லாரும் எழுந்து நின்று கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்ப்பது தெரிந்தது. நாத்தனார் அங்கே ஒரு கல்லின்மேல் ஏறி நின்றிருந்தார். அந்த வெட்டவெளியில் எங்களை மறைக்க ஒன்றும் இல்லை. பட்டு உடுத்திச் சேற்றில் உட்கார்ந்திருக்கிற மாமனை அங்கே இருந்து எல்லாரும் பார்க்கலாம்.

மருமகள் இரண்டு எட்டு நகர்ந்து, கோயிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். முந்தானையைப் பிரித்து வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டாள். வெயில் அந்தப் பக்கம் இல்லை.

ஆசாரி இடது காதுக்குப் பொட்டு வைத்தார். நான் அவளைப் பார்த்தேன், அவள் விரித்த முந்தானையைப் பார்த்தேன், பின்னால் உட்கார்ந்திருந்தவரின் உடம்பையும் பார்த்தேன். அவள் ஒருத்தி நின்றால் மறையாது. கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, நானும் போய் அவள் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டேன்.